பன்னிரண்டு நிமிடச் சுடுதண்ணீர்

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் கணவர் நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறார். அது பிறவிக் குணமல்ல, வேலை தந்தது. கண்டி மாநகர சபையில் முப்பது வருடத்துக்கு மேல் இலிகிதராக இருந்தேன். அதில் பாதிக்காலம் வரவுப் பதிவேடுகளோடும் முறைப்பாட்டுக் கடிதங்களோடும் கழிந்தது. எட்டு மணிக்கே வந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டவரின் குடை, பத்து மணிக்குப் பிடித்த மழையில் நனைந்து மூலையில் நிற்கும். இப்படிக் குடையையும் கையெழுத்தையும் சேர்த்துப் பார்த்துப் பழகிய கண்ணை, ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வர முடியவில்லை.

ஆகையால், ஆஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் ஒரே மகன், எங்கள் வீட்டில் சுடுதண்ணீருக்கு ஒரு ஹீட் பம்ப் வைத்துத் தருகிறேன் என்றபோது, எதற்கு இந்தத் திடீர்ப் பாசம் என்றுதான் முதலில் தோன்றியது. எங்கள் வீடு அம்பிட்டியவில் ஒரு சரிவில் இருக்கிறது. ஜனவரிக் காலையில் தொட்டித் தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும். அடுப்பில் சுடவைத்துத்தான் இத்தனை வருடமும் குளித்தோம், ஒருவரும் செத்துப்போகவில்லை. ஆனால் அவன் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். என் பிள்ளைதானே.

பல்லேகலப் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து வேலைக்காரர் வந்தார். அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், ஐம்பது வயதிருக்கும், பொறுமைசாலி. ஏ.சி. பெட்டி போன்ற ஒன்றைப் பின்சுவரில் வைத்து, பக்கத்தில் ஒரு தாங்கியை நிறுத்தினார். காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற மெஷின் என்றார். கண்டிக் காற்றில் இழுக்கிற அளவுக்கு என்ன சூடு இருக்கிறது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பைப்பைத் திறந்து காட்டினார். தண்ணீர் நன்றாகத்தான் சுட்டது.

பிறகு பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை எடுத்து, ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து, வைஃபை பாஸ்வேர்ட் கேட்டார். எதற்கென்று கேட்டேன்.

"ஒங்கட மகன் சேர் அங்க இரிந்தே எல்லாம் பாக்கேலும் மிஸ். எத்தன மணிக்கு சுடுதண்ணி தொறந்த, எவ்வளவு போன, எல்லாம் அவர்ட போன்ல விழும்."

அவர் என்னவோ நல்ல செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. முந்தைய வருடம் என் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் மகன் பறந்து வந்தான். இரண்டு வாரம் இருந்தவன், இடையில் ஒருநாள் கொழும்புப் பக்கம் போய் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துப் படமும் பிடித்து வந்தான். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அப்பா தானாகக் குளிக்கும்வரை இருவரும் இந்த வீட்டில் இருக்கலாம். அதற்கு முடியாத நாள் வந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு அந்த இல்லத்துக்குப் போய்விட வேண்டும். சண்டையில்லாமல் அவனை விமானம் ஏற்றினால் போதும் என்று நானும் தலையாட்டிவிட்டேன். அந்தப் படங்களில் பூந்தோட்டம் இருந்தது, பெரிய தொலைக்காட்சி இருந்தது, நீளமான சாப்பாட்டு மேசை இருந்தது. யார் எவரென்று தெரியாத இருபது பேரோடு, மணி அடித்ததும் எழுந்து போய்ச் சாப்பிட எனக்கு என்ன தலையெழுத்தா? சீனி போடாத தேத்தண்ணீர் வேண்டுமென்றால்கூட அங்கே யாரிடமாவது கேட்க வேண்டும்.

இப்போது குளிப்பதைப் பார்க்க ஒரு பெட்டி. குளிரடிக்கும் பெற்றோருக்குச் சுடுதண்ணீர் என்பதெல்லாம் சாக்கு, பெட்டிதான் விஷயம் என்று முடிவுகட்டினேன். இரண்டாவது வாரமே அத்தாட்சியும் கிடைத்தது. போனில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவன், அப்பா இன்றைக்கு நேரம் பிந்திக் குளித்தாரா என்று போகிறபோக்கில் கேட்டான். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் அப்போது ஒன்றுமே இல்லை, இருந்தும் பயம் வந்தது. அந்தப் பெட்டியின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினேன். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்கே தெரியும்.

கனம் மழைக்காலத்தில் வந்து சேர்ந்தது. ஒருநாள் காலையில் கணவர் கட்டிலிலிருந்து காலை ஊன்றினார், கால்கள் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், முதுகு நரம்பு, தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார். அன்றிலிருந்து இரண்டு பேசின் வெந்நீரில் துணியை நனைத்து, கட்டிலிலேயே அவரைத் துடைத்துவிட்டேன். மகனிடம் மூச்சுவிடக் கூடாது என்று சொன்னேன். சரி என்றார்.

மூன்றாம் நாள், அக்குறணைக்காரர் என் போனிலும் போட்டுத் தந்திருந்த அந்தப் பெட்டியின் ஆப்பைத் திறந்து பார்த்தேன். காலைதோறும் அவர் குளிக்கும் நேரத்தில் உயரமாக நின்ற கோடுகள் மூன்று நாளாக விரல்நுனி அளவுக்குச் சுருங்கியிருந்தன. ஒரு குழந்தைக்குக்கூட விளங்கும், இந்த வீட்டில் ஒருவர் குளிப்பதை நிறுத்திவிட்டார் என்று.

மறுநாள் ஆறரைக்குக் குளியலறைக்குள் போனேன். சுடுதண்ணீர் ஷவரைத் திறந்துவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் குளிக்கப் பன்னிரண்டு நிமிடம் எடுப்பார். பன்னிரண்டு நிமிடம் கழித்து மூடினேன். ஆப்பைப் பார்த்தால் கோடு பழைய உயரத்துக்கு நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த சந்தோஷம் எனக்கு. தண்ணீர் வீணாகப் போவதைப் பார்க்க மனம் கேட்கவில்லைதான். மேல் ஒழுங்கை வீடுகளில் தண்ணீர் வராத நாட்களில் குடம் தூக்கும் பெண்களை எனக்குத் தெரியும், அவர்கள் முறைப்பாடு எழுதியதே என் மேசைக்குத்தான். முதல் கிழமை கட்டில் விரிப்புகளை அந்தத் தண்ணீரில் ஊறப்போட்டேன். பிறகு சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொய்ப் பதிவேடு எப்போதும் அழகாக இருக்கும். ஒரே பேனை, ஒரே நேரம், ஒரு வெட்டுத் திருத்தம் இருக்காது. அதை வைத்தே எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். ஆகவே நான் அந்தப் பிழையை விடவில்லை. ஒருநாள் ஆறு இருபத்தைந்து, ஒருநாள் ஆறு நாற்பது. ஒருநாள் பதினொரு நிமிடம், ஒருநாள் பதினான்கு. திறந்த நேரமே திரும்ப வந்துவிடக் கூடாதே என்று ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

இதைக் கணவரிடம் சொல்லவில்லை. அவர் வாய்க்குக் கதவு கிடையாது. ஒரு தடவை, யார் குளிப்பது என்று கட்டிலிலிருந்து கேட்டார். யாருமில்லை என்று சொல்லி முடித்துவிட்டேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. பிறகு ஒருநாள் மகன் போனில் கேட்டான்.

"அம்மா, சனிக்கிழமையும் மத்த நாள் மாதிரியேதான் இருக்கு. அப்பா எண்ணெ தேச்சுக் குளிக்கிறதில்லையா?"

கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை விட்டதில்லை. நல்லெண்ணெயைச் சூடாக்கி உச்சியிலிருந்து பாதம்வரை தேய்த்து, அரை மணி ஊறி, சீயக்காய் போட்டு அலசுவதற்கு இரண்டு பேர் குளிக்கிற தண்ணீர் போகும். மகனையும் சின்ன வயதில் பிடித்து நிறுத்தி எண்ணெய் வைப்பார், அவன் அலறுவது ஒழுங்கைமுனைவரை கேட்கும். ஊரார் பதிவேட்டிலெல்லாம் பிழை பிடித்த மகராசி, சொந்தப் பதிவேட்டில் சனிக்கிழமையைக் கோட்டை விட்டேன். அப்பாவுக்குச் சளி, டாக்டர் எண்ணெய் வேண்டாமென்றார் என்று சமாளித்தேன். அவன் "ம்" என்றான். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு நாளில் அக்குறணைக்காரர் வந்து நின்றார். பைப் ஏதும் ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொன்னார்களாம். அவர் பைப்பைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் அதிகம். போகும்போது, மிஸ்ஸுக்கு உடம்புக்குச் சுகம்தானே, இரவில் தூக்கம் வருகிறதா என்று விசாரித்தார். ஆளை அனுப்பி வேவு பார்க்கிறானா என்று கொதித்தேன். அந்தக் கிழமையே, மாதக் கடைசியில் வருகிறேன் என்று மகன் செய்தி அனுப்பினான்.

அவன் வரும் நாளன்று கணவருக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் உதவியோடு தூக்கி ஹோலில் கதிரையில் இருத்தினேன். கொஞ்ச நேரமாவது ஏமாற்றலாம் என்ற நப்பாசை. உள்ளே வந்தவன் நேரே போய் அப்பாவின் முழங்காலைத் தடவிக்கொடுத்தான். முகத்தில் ஒரு திடுக்கிடல்கூட இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றான். இன்றைக்கு என்ன கிழமை என்றும் கேட்டான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிழமையைச் சொன்னேன், திதியைச் சொன்னேன், ராகுகாலம் எத்தனை மணிக்கென்றும் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். பேராதனையில் ஒரு டாக்டரிடம் எனக்கு நாள் எடுத்திருப்பதாக மெதுவாகச் சொன்னான். ஞாபகமறதிக்குப் பார்க்கிற டாக்டர்.

"அப்பாவுக்குக் கால் விளங்காமப் போனது அன்னைக்கே தெரியும்மா. நீங்க கோயிலுக்குப் போயிருந்தப்ப அவரே சொல்லிட்டாரு, நீங்களா சொல்வீங்கன்னுதான் காத்திருந்தேன். ஒரு ஆளப் போட்டு இங்கயே பாத்துக்கலாம்னுதான் நெனச்சேன். ஆனா நீங்க தினமும் சுடுதண்ணியத் தொறந்து விட்டுட்டு, குளிக்காம சும்மா உக்காந்திருக்கீங்கன்னு அப்பா சொன்னாரு. சனிக்கிழமையப் பத்திக் கேட்டுப் பாத்தா சளின்னு ஒரு கதை சொல்றீங்க. நாளைக்கு கேஸ் அடுப்பத் தொறந்து விட்டுட்டு உக்காந்தீங்கன்னா? அதான் அந்த எடத்துல ரெண்டு பேருக்கும் ரூம் சொல்லிட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான். வீட்டைக் காப்பாற்ற எந்தத் தண்ணீரைத் திறந்தேனோ, அந்தத் தண்ணீராலேயே வீடு போகப்போகிறது. நீ பார்க்கிறாய் என்றுதான் திறந்தேன், எனக்கு மறதி கிறதி ஒன்றுமில்லை என்று கத்தினேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். பஸ் பிந்திவிட்டது என்று கதை சொல்பவர்கள் முன்னால் நானே அப்படித்தான் ஆட்டுவேன்.

எழுந்து போய் அலுமாரியிலிருந்து கொப்பியைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டேன். முதல் பக்கத்திலிருந்து படித்தான். பிறகு போனை எடுத்து, ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டுப் பார்த்தான். எத்தனை மணிக்குத் திறந்தேன், எத்தனை நிமிடம், ஒன்றும் பிசகவில்லை. மழையில் கரண்ட் போன நாளுக்கு நேராக, பெட்டி வேலை செய்யவில்லை, இன்று திறக்க வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் முகம் மாறியது.

"சனிக்கிழமைய மறந்துட்டீங்களே."

"அத மட்டுந்தான்டா மறந்தேன்."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ரூம் வேண்டாமென்று அந்த இல்லத்துக்காரரிடம் சொல்வது உள்ளே கேட்டது.

எனக்கு வெற்றிக் களிப்பு. நாங்கள் எங்கேயும் போகவில்லை. அதே வேகத்தில் கணவர் மேல் பாய்ந்தேன். என்னைப் பைத்தியக்காரி என்று பிள்ளையிடம் கோள் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். அவர் கதிரையில் இருந்தபடியே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார், தோள் குலுங்கியது. இவரும் சிரிக்கிறார் என்று நினைத்து இன்னும் எரிச்சலோடு முன்னால் போனேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"ஒருவாட்டி கேட்டேன். யாரும் இல்லன்னே. இன்னொருவாட்டி கேட்டு, எந்தத் தண்ணின்னு நீ திருப்பிக் கேட்டுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

குளியலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஸ்டூலில் உட்கார்ந்து மகனை ஏமாற்றிய காலையெல்லாம், அந்தப் பக்கம் இவர் படுத்துக்கிடந்து, தண்ணீர் எப்போது நிற்கும், இவளுக்கு மூட ஞாபகம் வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஊரில் எல்லார் மேலும் சந்தேகப்பட்ட எனக்கு, இந்த மனிதர் பயந்துபோய்க் கிடக்கிறார் என்று ஒருநாளும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.