டச்சு அண்ணாச்சி கொள்ளி வைத்த ஊர்

போன ஐப்பசியில் என் சகலையின் முதல் திவசத்துக்காகப் பாபநாசம் போய் வந்தேன். அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவே ஆற்றங்கரையில் உள்ள அவர் ஊரில் 'கொலைகார வெள்ளைக்காரன் தங்கின வீடு' என்று ஒன்று இப்போது குற்றால அருவிக்குப் போட்டியாகக் கூட்டம் இழுக்கிறது. எப்படிப் போக வேண்டும் என்று இந்த வலைப்பூவின் வாசகர்களே கேட்டிருந்தீர்கள். தச்சநல்லூரில் கிளம்பிப் பூமியின் விளிம்பு வரை பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் எழுத மாட்டேன்.

காலை ஆறரைக்குத் திருநெல்வேலி புதிய பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். கூட வந்தது சகலையின் மகள் காந்திமதி. திசையன்விளையில் டீச்சர், முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். பாபநாசம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், சாதாரண பஸ்ஸில் ஒன்றே முக்கால் மணி நேரம். எங்கள் டிரைவருக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை கிடையாது. சேரன்மகாதேவி வளைவில் பஸ் இரண்டு சக்கரத்தில் போயிற்று. மிச்சச் சக்கரங்கள் வீரவநல்லூரில்தான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தன.

ஊர்ப் பெயரைச் சொல்லிச் சீட்டுக் கேட்டதும் கண்டக்டருக்கு முகம் மலர்ந்தது. "அந்த வீட்டுக்கா அண்ணாச்சி? ஆலமரத்து ஸ்டாப்புல எறங்கிப் பைய நடங்க. நேத்து மதுரையில இருந்து வந்து வீடியோ எடுத்துட்டுப் போனாவ."

"அது எங்க வீடு" என்றாள் காந்திமதி.

அவர் இரண்டு சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு, அதன்பின் எங்கள் பக்கமே வரவில்லை.

அந்த வெள்ளைக்காரன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயரை எழுதப் போவதில்லை. ஊர் அவனைப் பேச வேண்டும், அவன் ஆசைப்பட்ட கூலி அதுதான். ஹாலந்தில் ஒரு சின்ன ஊர்க்காரன். முதியோர் இல்லங்களில் ராத்திரிப் பணியாள். தனியாகக் கிடக்கும் கிழவர் கிழவிகளுக்குச் சூப் ஊட்டி, முடி வாரி, மகன் மாதிரி ஆகிவிடுவான். பிறகு ஒருநாள் அவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். நான்கு பேர். சொத்துக்காக இல்லை என்று அந்த ஊர்க் கோர்ட்டில் சொன்னார்களாம். சாவு வீட்டில் எல்லாரும் அவன் தோளில் சாய்ந்து அழ வேண்டும், சவப்பெட்டிக்கு முன்னால் அவன் நடக்க வேண்டும். அதுதான் அவன் ஆசை. சந்தேகம் எழுந்ததும் டூரிஸ்ட் விசாவில் ஓடி வந்து, உலகம் இவ்வளவு பெரிதாக இருக்க, என் சகலை வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியேறினான்.

நம் ஆட்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்தார்கள். ஆறே மாதத்தில் "எங்கனவே போறீரு?" என்று கேட்கக் கற்றுக்கொண்டான். சொதியும் இஞ்சித் துவையலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நெற்றியில் அவன் பூசிய திருநீற்றில் பொதிகை மலைக்கே வெள்ளை அடித்திருக்கலாம். ஊர் அவனுக்கு 'டச்சு அண்ணாச்சி' என்று பட்டம் கொடுத்தது. பெண்சாதி போய்த் தனியாக இருந்த சகலைக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையும் ராத்திரிப் பாலும் அவன் கையால்தான். அதற்கு முந்தின வருஷ ஐப்பசியில் ஒருநாள் விடிந்தது, சகலை எழுந்திருக்கவில்லை.

நான் அப்போது குடலிறக்க ஆபரேஷன் முடிந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். காந்திமதி பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் தம்பி அமெரிக்காவில். வர இரண்டு நாளாகும். கொள்ளி நான் வைக்கிறேன் என்று அவள் கேட்டிருக்கிறாள். சகலையின் பங்காளி கோமதிநாயகம் அண்ணாச்சி, பெண்பிள்ளை சுடுகாட்டுக்கு வருகிற வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டு, பெற்ற மகனைப் போலப் பார்த்துக்கொண்டானே என்று தீச்சட்டியை டச்சுக்காரன் கையில் கொடுத்தார். மொட்டை போட்டு, ஈர வேட்டியோடு அவன் முன்னால் நடந்தான். ஊரே கண்ணீர் விட்டது. அவன் ஜென்மத்தில் அப்படி ஒரு மரியாதை அவனுக்குக் கிடைத்திருக்காது.

மூன்று மாதம் கழித்து, ஹாலந்தில் தேடப்படுகிற ஆள் என்று, திருநெல்வேலி டவுணில் அல்வாக் கடை வரிசையில் நின்றவனைப் போலீஸ் கொண்டுபோயிற்று. அப்பா சாவையும் விசாரிக்கச் சொல்லிக் காந்திமதி போலீஸ் பின்னால் அலைந்தாள். உடம்பு இல்லையே அம்மா, எதை வைத்துச் சோதிக்க என்று கேட்டார்கள். நியாயம்தான். பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு யுகம் எடுத்துக்கொள்கிற நாம், பிணத்தை மட்டும் பொழுது சாயுமுன் எரித்து மறுநாள் காலையில் ஆற்றில் கரைத்துவிடுகிறோம். விசா காலம் தாண்டியவன் என்று அவனை உடனே ஹாலந்துக்கு அனுப்பி, அங்கே தண்டனையும் கொடுத்தாகிவிட்டது. தீர்ப்பில் நான்கு பெயர்கள். சகலை பெயர் இல்லை.

வீட்டு வாசலில் மூன்று பையன்கள் முதுகைக் காட்டி செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் நகருங்க தம்பி, பூட்டைத் திறக்கணும் என்றாள் காந்திமதி. அப்பா படத்தை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். அமெரிக்கத் தம்பிக்கு இந்தத் தடவையும் வர முடியவில்லை. அங்கே கோமதிநாயகம் அண்ணாச்சி வந்து சேர்ந்தார், தன் மகனையும் கூட்டிக்கொண்டு. ஆட்டோவில் பாபநாசம் படித்துறைக்கு நூற்றைம்பது ரூபாய்.

ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஐயர் எள்ளையும் பச்சரிசியையும் எடுத்து வைத்துவிட்டு, கொள்ளி வைத்தவர் யாரோ அவர்தான் திதி கொடுக்க உட்கார வேண்டும், யார் வைத்தது என்று கேட்டார்.

காந்திமதி சொன்னாள்: "அவன் ஹாலந்து ஜெயில்ல இருக்கான் சாமி. வரமுடியாது."

ஐயரும் பேப்பர் படிக்கிறவர்தான். எள்ளில் வைத்த கை அப்படியே நின்றது.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "அதுக்குத்தான் என் மவனக் கூட்டியாந்தேன். பங்காளிதானம்மா. நம்மள்ல பொம்பளப்பிள்ள உக்காருத வழக்கமில்ல. என்ன வே, நீரும் சொல்லும்."

அந்த 'வே' எனக்கு. அவங்க ஆளு கையில தீச்சட்டி குடுத்த உங்க வழக்கத்துக்கு நெதர்லாந்து அரசாங்கமே நன்றிக்கடன் பட்டிருக்கு அண்ணாச்சி என்றேன். அவருக்குச் சுருக்கென்றது.

"நல்லவன்னு நெனச்சித்தானே குடுத்தோம்" என்றார்.

"ஆமா பெரியப்பா" என்றாள் காந்திமதி. "அவன் நல்லவனான்னு ஊரே நெனச்சுப் பாத்தீங்க. நான் மவளான்னு ஒருத்தரும் நெனச்சுப் பாக்கல."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு படி மேலே ஏறி நின்றார். அவர் மகன் செருப்பைக் கழற்றுவதா மாட்டுவதா என்று தெரியாமல் பார்த்தான். ஐயர் மணைப்பலகையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டார். "தெக்குப் பாத்து உக்காரும்மா."

உட்கார்ந்தாள். எள்ளும் தண்ணீரும் இறைத்தாள். பிண்டத்தைக் கரைத்துவிட்டு வெகுநேரம் இடுப்பளவுத் தண்ணீரிலேயே நின்றாள். மீன்கள் வந்து போய்க்கொண்டிருந்தன.

இனி நடைமுறைத் தகவல்கள். பாபநாசத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கோயில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் படித்துறையில் வழுக்கும், கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். படித்துறைக் கடைகளில் இட்லி கல் மாதிரி இருக்கும். அணை கட்ட உதவும். உங்களிடம் திதி கொடுக்கப் பெண்கள் இருந்தால் தைரியமாகக் கூட்டிப் போங்கள், உட்கார வைக்கிற ஐயர் இருக்கிறார்.

அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். பார்க்க ஒன்றுமில்லை, ஒரு மாடிப்படி, ஒரு பூட்டு. மீறிப் போய்ப் படம் எடுத்தால், 'நான்கு பேரைக் கொன்றவன் வாழ்ந்த வீடு' என்று மட்டும் தலைப்புப் போடாதீர்கள். நான்கா ஐந்தா என்று சாகும்வரை தெரிந்துகொள்ள முடியாத ஒருத்தி திசையன்விளையில் இருக்கிறாள்.