அண்ணன் காலில் ஏறாத பூட்ஸ்

அண்ணனின் முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கு என் வணக்கம். மறைந்தவரைச் சாந்த சொரூபி என்று எழுதுவது வழக்கம். நான் அப்படி எழுதினால் அண்ணனே எழுந்து வந்து என்னை அறைவார்.

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அவர். மீசை முளைக்கும் முன்பே அப்பாவின் கையை முறுக்கி, அம்மாவை அடிப்பதை நிறுத்தினார். பின்னாளில் என் கணவர் என் பல்லை உடைத்தபோது, அண்ணன் திரிங்காப் ஊரில் எங்கள் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்து அவர் கையை ஒடித்தார். மாவுக்கட்டுப் போட அண்ணனே கிளினிக்குக்கு அழைத்தும் போனார். அங்கே அண்ணனின் முகச்சிவப்பைக் கண்ட நர்ஸ், கை ஒடிந்தவரை விட்டுவிட்டு இவரை உட்கார வைத்து பிரஷர் பார்த்தார். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

அன்று தொடங்கியதுதான் அம்லோடிபின் மாத்திரை. ரத்தக் குழாய்ச் சுவருக்குள் கால்சியம் புகுவதை அது குறைக்கும், இறுகிய குழாய் தளரும் என்று டாக்டர் விளக்கினார். பிரஷர் இறங்கியது, ஆனால் கணுக்கால் வீங்கியது. அட்டையும் சேறுமான சரிவில் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வேலை இல்லை. ஒருநாள் பூட்ஸ் காலில் ஏறவில்லை. அண்ணன் பாராங் கத்தியால் அதை இரண்டாக வெட்டிப் போட்டார். அண்ணி வாங்கி வந்த பெரிய பூட்ஸையும் வாசலில் வீசினார்.

இருவர் பிடித்து ஓட்டும் கொழுந்து வெட்டும் மெஷினில் அண்ணனுக்கு மறுமுனையைப் பிடிப்பவர் எங்கள் சித்தப்பா மகன், என் தம்பி முறை.

“கால் வீங்குனா கிட்னி போவுதுன்னு அர்த்தம்ண்ணே. மாத்திரைய நிறுத்திப் பாருங்க லா,” என்றார் அவர்.

அண்ணன் நிறுத்தினார். வீக்கம் வடிந்தது. பழைய அளவிலேயே வாங்கிய பூட்ஸ் சரியாகப் பொருந்தியது.

“பாத்தியா, டாக்டரை விட இவன் கெட்டிக்காரன்,” என்று என்னிடம் போனில் சிரித்தார்.

“கிளினிக்ல சொன்னீங்களாண்ணே?”

“எதுக்கு? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே.”

மழை விட்ட ஒரு காலையில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் வலப்பக்கம் செயலிழந்தது. அவர் சரிவில் விழ, மெஷின் அவர் மார்பை நோக்கிப் பாய்ந்தது. தம்பி வெறுங்கையால் அதை இழுத்துப் பிடித்தார். அவருடைய இரண்டு விரல்கள் போயின. அந்த ரத்தக் கையோடு அண்ணனை முதுகில் சுமந்து லோரி வரை இறங்கினார்.

பிரஷர் மறுபடி ஏறி மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. கால் வீக்கம் அந்த மாத்திரையால் வரக்கூடியதே, சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்போம், இல்லையென்றால் வேறு மாத்திரை கொடுத்திருப்போம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அண்ணன் கண் திறக்கவே இல்லை.

இழவு வீட்டில் தம்பியின் சட்டையைப் பிடித்து நான் அறைந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை அவர். அறைந்ததற்கு நான் இன்றும் வருந்தவில்லை.

லோரி ஓட்டியவருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், அடுப்படியைப் பார்த்துக்கொண்ட லயத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லோருக்கும் மேலாக, அண்ணனைச் சுமந்து வந்த தம்பிக்கு நன்றி.

தம்பி, உனக்கும் பிரஷராம், அதே மாத்திரையாம், கால் வீங்குகிறதாம். அண்ணி சொன்னார். அந்தப் பெரிய பூட்ஸ் அண்ணி வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. எடுத்து மாட்டிக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போய்க் காலைக் காட்டு. நீயாக மாத்திரையை நிறுத்தினால் மறுபடியும் வந்து அறைவேன். எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான்.