அத்தையின் கும்பிடு

என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. முதல் தடவை ஜெயித்த இரண்டாம் வருடம் சாணார்பட்டி அருகே அவர் போன கார் கவிழ்ந்தது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். வலது கை மட்டும் தூக்க முடியாமல் தோளிலிருந்து தொங்கியது. ஆறே மாதத்தில் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டு சட்டசபைக்குக் கிளம்பிவிட்டார். அந்தக் கையெழுத்து என் ஒன்றாம் வகுப்புக் கையெழுத்தைவிடக் கோணல்.

அடுத்த தேர்தல் வந்தது. முடங்கிய கையைக் காட்டி ஓட்டுக் கேட்கமாட்டேன் என்று அத்தை ஒரே பிடிவாதம். அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இடது கையால் மட்டும் கும்பிட்டார். விபத்து தெரிந்தவர்களும் கை குணமாகிவிட்டதென்றே நினைத்திருந்தார்கள். ஊர் சும்மா இருக்குமா? சின்னாளப்பட்டியில் ஆரத்தித் தட்டோடு நின்ற ஒரு பெண் வெடுக்கென்று கேட்டுவிட்டாள்.

"ஏங்க்கா, ரெண்டு கையெடுத்துக் கும்பிடக்கூட மறந்துபோச்சா?"

பிரசார வேனில் அத்தை பக்கத்தில் நின்றிருந்த எனக்கு ஒன்பது வயது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை விலக்கி, அந்தக் கையைத் தூக்கி, இடது கையோடு சேர்த்துப் பிடித்தேன். தெருவே உச்சுக்கொட்டியது. கேட்டவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அத்தையின் முகம் வாடிப்போனது.

பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். நான்தான் ஜெயிக்கவைத்தேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அத்தை என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"ஏத்தா, இனிமே என் கைய நானே தூக்கிக்கிறேன்."

நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

சொன்னதைச் செய்தார். ஐந்து வருடமும், விடிந்ததும் உத்தரத்தில் போட்ட கயிற்றின் ஒரு முனையில் அந்தக் கையைக் கட்டி, மறுமுனையை இடது கையால் இழுத்துத் தூக்கிப் பழகினார். வலியில் முனகுவது அடுப்படி வரை கேட்கும். பிறகு குளித்துவிட்டு, மனுக்களோடு காத்திருப்பவர்கள் முன்னால் ஒன்றும் நடக்காதது போல வந்து உட்காருவார். அப்படியொரு வைராக்கியத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

மறுபடி தேர்தல். அதே தெரு, அதே பெண்.

"சிரமப்படாதீங்கக்கா, ஒங்களுக்குத்தான் போடுவோம்" என்றாள்.

அத்தை வலது கையைத் தூக்கினார். அது நடுங்கிக்கொண்டே மெல்ல மேலேறி இடது கையைத் தொட்டது. நிதானமாகக் கும்பிட்டார். அந்தப் பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"கைதான் சரியாப்போச்சுல்ல? அப்பறம் எங்க தெருச் சாக்கடை மட்டும் ஏன் பாதியில நிக்குது?"

நாலைந்து பேர் கூடச் சேர்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தையோ சிரித்துக்கொண்டே வேனிலிருந்து இறங்கிச் சாக்கடையைப் பார்க்கப் போனார். அன்று அழுதவளைப் பார்த்து வாடிய முகம், இன்று திட்டு வாங்கி ஏன் இப்படி மலர்கிறது என்பது பதினாலு வயதிலும் எனக்கு விளங்கவில்லை.