ஆளுக்குக் கொஞ்சம் ஆறு

ஒரே கணக்கைப் பல கணினிகள் பங்குபோட்டுச் செய்யும்போது நேரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாளையங்கோட்டைக் கல்லூரியில் நான் நடத்தும் பாடம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கல்லூரிக்கே தெரியும்.

ஆற்றங்கரை ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி, தாமிரபரணி வெள்ளத்தைக் கணிக்கும் நிரல் ஒன்றை ஆய்வுக்காக எழுதினாள். பள்ளத்தாக்கைக் கிழக்கு மேற்காகப் பட்டை பட்டையாகப் பிரித்து, கணினிக்கு ஒரு பட்டை கொடுக்கச் சொன்னது நான். நான்கு கணினிகளுக்குப் பதில் பதினாறு போட்டும் நேரம் பெரிதாகக் குறையவில்லை. எல்லோர் முன்னாலும் அவளை ஏசி, தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து, தலைப்பு மாற்றும் படிவத்தோடு அறைக்கு வந்தாள். நான் கையெழுத்திட்டால் அவள் ஒரு வருட உழைப்பு போச்சு.

"போடுததுக்கு முன்னால இதை ஒரு தடவை பாத்திருங்க சார்" என்று மடிக்கணினியைத் திறந்தாள்.

கணினிக்கு ஒரு வரியாகப் பதினாறு வரிகள். வேலை நடந்த நேரம் பச்சை, சும்மா காத்திருந்த நேரம் சிவப்பு. திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் மூன்று வரிகள் மட்டும் பச்சை. கல்யாண வீட்டில் மூன்று பேர் வேர்க்க விறுவிறுக்கச் சமைக்க, மற்றவர்கள் இலை போட்டு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

"இந்த மூணு மட்டும் ஏன் இப்படிக் கெடந்து உழைக்கு?" என்றேன்.

"அதுலதான் சார் ஆறு போகுது."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அந்தத் திரையில் வரைபடமும் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை. இருந்தது வெறும் நேரக் கணக்கு. அதில் ஆறு தன் வழியைத் தானே எழுதிவைத்திருந்தது. தண்ணீர் இல்லாத பட்டையில் கணக்குப் போட என்ன இருக்கிறது? மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஆற்றை அதன் போக்கிலேயே வகிர்ந்து, மொத்தத்தையும் மூன்று பேர் தலையில் கட்டியிருக்கிறேன். தினமும் அதன் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறேன்.

"தெற்கு வடக்கா வெட்டச் சொல்லியிருக்கணும். ஆளுக்குக் கொஞ்சம் ஆறு கெடச்சிருக்கும். தப்பு என் மேலதாம்மா" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

அவள் இன்னொரு படத்தைத் திறந்தாள். பதினாறு வரியும் பச்சை. நேரம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வயல் முழுக்கப் பயிர் எழுந்து நின்றதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இதை எப்பம்மா செஞ்ச?"

"நீங்க ஏசுன அன்னைக்கே சார்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா கேட்டிருப்பியளா சார்?"