கிளாரிசாவின் பாதி முகம்

டோரிஸ் லூர்துசாமிக்கு முப்பத்து மூன்று வயது. பன்னிரண்டு வயதிலிருந்து இன்றுவரை அவள் பவுடர் பூசாமல் எந்த டாக்டர் முன்னாலும் போய் நின்றதில்லை.

மலேசியாவில் சுங்காய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் பால்மரம் சீவினார்கள். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் காய்ச்சல் கொதித்தபோது, வேலைக் காட்டிலிருந்து வந்த அம்மா உடுப்புகூட மாற்றாமல் அவளை டவுன் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே நர்ஸாக இருந்த மிஸ்ஸி மூக்கைச் சுளித்து, பக்கத்து மிஸ்ஸியிடம் மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அம்மாவின் உடுப்பில் காய்ந்திருந்த ரப்பர் பாலின், ஒட்டுப்பாலின், நாற்றத்தைப் பற்றித்தான். இவர்களுக்கு மலாய் தெரியாது என்று நினைத்திருப்பாள். பள்ளிக்கூடம் போகிற டோரிசுக்கு நன்றாகவே தெரிந்தது.

அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. டோரிஸ் ஈப்போவில், புந்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் விற்கும் வேலை. கணவன் கோலின் செம்பனை எண்ணெய் லாரி ஓட்டுகிறான். ஒரே பிள்ளை கிளாரிசா, வயது இரண்டரை. அவளை டாக்டரிடம் கொண்டுபோவதென்றால் குளிப்பாட்டி, தலைவாரி, கோயிலுக்குப் போகிற கவுன் போட்டு, முகத்தில் பவுடர் அப்பி, காரில் ஏர்கானைக் கூட்டி வைத்துத்தான் கொண்டுபோவாள்.

விஷயம் ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் பிள்ளைகள் வெயிலில் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். கிளாரிசா மூச்சிரைக்க ஓடிவந்து அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். டோரிஸ் குனிந்து பார்த்தாள். முகத்தின் வலப்பாதி செம்பருத்தியாய்ச் சிவந்திருந்தது. இடப்பாதியில் ஒரு சிவப்பும் இல்லை. நெற்றியிலிருந்து மூக்கு வழியாகத் தாடைவரை யாரோ அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி இருந்தது.

"கோலின், இங்க வந்து பாரு."

"வெயில்லா. வேற என்னா?"

"வெயிலு பாதி மூஞ்சிலதான் அடிக்குமா?"

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு பக்கமும் ஒரே நிறமாகிவிட்டது.

அடுத்த வீட்டுக் காளியம்மாதான் பகலில் கிளாரிசாவைப் பார்த்துக்கொள்பவள். டோரிஸ் கேட்டதும் அவள் கொஞ்சமும் அதிராமல் சொன்னாள்.

"சைக்கிள் ஓட்டிட்டு வந்தா அப்படித்தான் இருக்கா. ஒருக்களிச்சுப் படுத்து எந்திரிச்ச மாதிரி."

"எப்பருந்து அக்கா?"

"அது இருக்கும், தீபாவளிக்கு முன்னாடியே."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டயா? பிள்ள தும்முனாலே டாக்டரத் தேடி ஓடுற ஆளு நீ. சொல்லிட்டு நான் தூங்குறதா, வேணாமா?"

மறுநாள் டிக்கெட் கவுண்டரில் ஆள் இல்லாத நேரத்தில் டோரிஸ் கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். பாதி முகம், சிவப்பு, குழந்தை. ஓர் இணையப் பக்கத்தில் ஒன்றுமில்லை, பயப்படாதே என்று போட்டிருந்தது. இன்னொரு பக்கத்தில் கட்டி என்ற சொல் இருந்தது. அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். கோலா கங்சாருக்கு டிக்கெட் கேட்ட பெரியவருக்குச் சிலிம் ரிவர் டிக்கெட்டைக் கொடுத்தாள்.

"வடக்க போறவன தெக்க அனுப்புறியேம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

முதலில் போன கிளினிக்கில் டாக்டர் கிளாரிசாவின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். குளிர்ந்து, வெளுத்து, மணத்துக்கொண்டிருந்தது பிள்ளை. வேர்க்குருவாக இருக்கலாம் என்று சிவக்கும் கன்னத்துக்கு ஒரு களிம்பு கொடுத்தார். இரண்டாவது கிளினிக்கில் ஒவ்வாமை என்றார்கள். முட்டை, இறால், கச்சான் கடலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். கிளாரிசா ரசமும் சோறுமாகத் தின்று பார்த்தாள், பிறகு தட்டைத் தள்ளிவிட்டாள்.

"பாவம்லா பிள்ள. முட்டையப் பாத்து அழுவுது," என்றான் கோலின்.

முட்டையை நிறுத்தியும் சிவப்பு நிற்கவில்லை. ஓடினால் வந்தது, அழுதால் வந்தது, மத்தியான வெயிலில் வந்தது. டாக்டர் பார்க்கும்போது மட்டும் வரவில்லை. டோரிஸ் கைப்பேசியில் படம் பிடித்து இரண்டாவது டாக்டரிடம் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "அழகான பிள்ளை," என்றார். தான் கண்டதுதான் பொய்யோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. திரும்பத் திரும்பப் போய் நின்று, பெரிய மருத்துவமனையில் குழந்தைகள் நிபுணரைப் பார்க்க எழுதி வாங்கினாள்.

அந்தக் காலையும் வழக்கம்போலத்தான் விடிந்தது. வெந்நீர்க் குளியல், வெள்ளைக் கவுன், பவுடர். மருத்துவமனைக் கூடத்தில் உட்கார நாற்காலி கிடைக்காத கூட்டம். டோரிஸ் நம்பர் சீட்டைப் பிடித்தபடி, உள்ளே போனதும் காட்டுவதற்கு அந்தப் படத்தை எடுத்து வைத்தாள். தோள் வழியாக எட்டிப் பார்த்த கோலின் கைப்பேசியைப் பிடுங்கினான்.

"ஏய், இதுல பியூட்டி ஃபில்டரு போட்டிருக்கு டோரி. அதான் எல்லாம் வெள்ளையா வருது. என் படத்தப் பாரு. நான் என்னா கொரியாக்காரனா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்கிய நாளிலிருந்து அந்தக் கைப்பேசி எல்லா முகத்தையும் வெளுத்து மெழுகியிருக்கிறது. காட்ட ஒரு படம்கூட இல்லை. உள்ளே போய் என்ன சொல்வது? மறுபடியும் களிம்போடு திரும்பினால், இன்னொரு சந்திப்புக்கு எத்தனை மாதம்? அதற்குள் அந்தக் கட்டி, அப்படி ஒன்று இருந்தால்...

கிளாரிசா சிணுங்க ஆரம்பித்தாள், பிறகு தரையில் விழுந்து புரண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். கோலின் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

கூடத்துப் பலகையில் நம்பர் மெதுவாக நகர்ந்தது, பிறகு சடசடவென்று தாவியது. மிஸ்ஸி கிளாரிசாவின் பெயரைக் கூப்பிட்டாள். டோரிஸ் கைப்பேசியில் கத்தினாள்: "எங்க இருக்க? கூப்பிட்டாச்சு, ஓடி வா!"

கார் நிறுத்துமிடத்திலிருந்து கோலின் பிள்ளையோடு ஓடிவந்தான். கவுனில் சோயாப் பால் கொட்டியிருந்தது. காலில் மண். தலைமுடி வியர்வையில் ஒட்டிக் கிடந்தது.

"இப்படியா கூட்டிட்டு வர்றது? டாக்டரு என்னா நெனப்பாங்க?"

"அழுவுற பிள்ள, நாலு ஓட்டம் ஓடட்டும்னு விட்டேன்லா. நவுரு, நம்பர் போயிரும்."

டோரிஸ் ஈரத்தாளை உருவினாள். பவுடர் டப்பாவைத் திறந்து பஞ்சை எடுத்துக் கன்னத்துக்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். வலப்பாதி நெருப்பாய் எரிந்தது. பவுடர் வியர்வையில் கரைந்து கழுத்தில் வழிந்திருந்தது. இடப்பாதியில் காலையில் பூசிய பவுடர் பூசியபடியே இருந்தது. அங்கே ஒரு சொட்டு வியர்வைகூட இல்லை.

குளிப்பாட்டியதும் அவள்தான், குளிர வைத்ததும் அவள்தான். டாக்டர் கண்ணில் படாமல் ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனதும் அவளேதான்.

டப்பாவை மூடிப் பைக்குள் போட்டாள்.

"அப்படியே தூக்கிட்டு நட," என்றாள்.

நிபுணர் நடுத்தர வயது மலாய்க்காரப் பெண். உள்ளே வந்தவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். மிஸ்ஸியிடம் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தன் கைப்பேசியில் படம் எடுத்தார். புறங்கையால் இரண்டு கன்னத்தையும் தொட்டார். டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இடக்கண்ணில் அதிக நேரம் நின்றார். அந்த அறையில் யாரும் கவுனைப் பார்க்கவில்லை.

டோரிஸ் பொறுக்க முடியாமல் மலாயில் கேட்டாள். "ஒவ்வாமைங்களா டாக்டர்? சிவக்கிற பக்கத்துக்கு மருந்து போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."

"சிவக்கிற பக்கம் நல்ல பக்கம்மா," என்றார் டாக்டர். "ஓடினால் முகம் சிவக்க வேண்டும், வியர்க்க வேண்டும். இந்தப் பக்கம் ஏன் சிவக்கவில்லை? கேள்வி அதுதான்."

இத்தனை நாளும் களிம்பு தடவியது வேறு கன்னத்தில். டோரிஸ் கோலினின் கையைத் தேடிப் பிடித்தாள்.

டாக்டர் தன் நெஞ்சிலிருந்து கழுத்து வழியாக இடக்கன்னம்வரை விரலை இழுத்துக் காட்டினார். முகத்தைச் சிவக்க வைத்து, கண்மணியையும் விரிய வைக்கும் நரம்பு இந்த வழியாகப் போகிறது. இந்தப் பக்கத்து நரம்பு சரியாக வேலை செய்யவில்லை. பல பிள்ளைகளுக்குத் தேடிப் பார்த்தாலும் ஒரு காரணமும் கிடைப்பதில்லை. அப்படியே வளர்ந்து நன்றாக இருக்கிறார்கள். சிலருக்கு மட்டும் வழியில் ஏதாவது நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும்.

"கட்டியா?" அந்தச் சொல்லை அவள் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

"இருக்கிறதா, இல்லையா என்றுதான் பார்க்கப் போகிறோம். இன்றைக்கு என்னால் இரண்டையும் சொல்ல முடியாது. நீங்கள் இவளை இப்படியே கொண்டுவந்தது நல்லதாய்ப் போயிற்று."

கோலின் மெதுவாகத் தமிழில், "பயப்படாதலா," என்றான்.

கிளாரிசா டாக்டரின் டார்ச்சைக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.

வரும் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளாரிசாவின் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் ஸ்கேன். மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்கள். முந்தின நடுச்சாமத்துக்குப் பிறகு பால் கொடுக்கக் கூடாது. அவள் தூங்கும்வரை பெற்றவர்களில் ஒருவர் மட்டும் உடன் இருக்கலாம். டோரிஸ் இருப்பாள்.