பாண்டாவுக்கும் ஓர் அர்ச்சனை

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் முழுகாமல் இருந்தது ஒரு பாண்டா. வீட்டில் என்றால், சாப்பாட்டு மேசையில் சீனிப் போத்தலோடு சாய்த்து வைத்த டப்லெட்டில். ஐரோப்பாவில் ஏதோ ஒரு மிருகக்காட்சிச்சாலை தன் பெண் பாண்டாவின் கூட்டுக்குள் கமரா பூட்டி, நாள் முழுவதும் உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது. மொன்றியலில், அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டிலிருந்து அதைத் தவறாமல் பார்த்து வந்தவர் என் மாமி, அதாவது என் கணவரின் அம்மா.

மாமிக்கு நகரத்தின் மேற்கோரத்தில், இல்-பிசாரில் மகளும் இருக்கிறாள். தனி வீடு, பின்வளவு, இரண்டு பேரப்பிள்ளைகள். ஆனால் அங்கே பஸ் குறைவு, கோயிலுக்குக் கூட்டிப்போக ஆளில்லை, பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடிப்பதால் யார் பக்கம் பேசுவது என்றும் தெரியாது. ஆகவே எங்களோடு இருந்தார். உண்மையான காரணம் வேறு என்பது என் எண்ணம். மகள் வீட்டில் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில்தான் காவலிருக்க இன்னும் ஒன்று மிச்சமிருந்தது.

எங்களுக்குக் கலியாணமாகி ஆறு வருடம். கலியாண வீட்டுச் சாப்பாட்டு வரிசையில், கோயில் வாசலில், தமிழ்க் கடையில் முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே கூடச் சனங்கள் கேட்பார்கள்: "என்ன பிள்ளை, விசேஷம் ஒண்டும் இல்லையோ?" கேட்பதற்கு முன் கண் என் வயிற்றுக்குப் போய், பிறகுதான் முகத்துக்கு வரும். நான் வேலை செய்வதோ கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில். நாள் முழுவதும் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வருபவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும். எங்கள் சனத்திடம் அதற்குக் குறைவே இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தடவை விசேஷம் இருந்தது. மூன்று மாதம் போகட்டும், அதுவரை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று மாமியைக் கும்பிடாத குறையாகக் கேட்டேன். அவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஸ்காபரோவில் தங்கைக்கும், லண்டனில் மச்சாளுக்கும், பாரிசில் பெறாமகளுக்கும் மட்டும் சொன்னார். அவர்களும் மாமியைப் போலவே வாய் காத்தார்கள். மூன்று மாதம் ஆகுமுன்பே அது இல்லாமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாமி ரசம் வைத்துத் தந்தார். "சரி, அடுத்த முறை பாப்பம்" என்றார், பஸ்ஸைத் தவறவிட்டவளுக்குச் சொல்வதுபோல. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. எனக்கு அந்த ரசம் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

பாண்டாவின் கதைக்கு வருகிறேன். பெண் பாண்டாவுக்கு வருடத்தில் ஓரிரு நாட்கள்தான் கரு தங்கும் காலமாம். அந்த நாட்களில் ஆண் பாண்டா முதுகைக் காட்டிக்கொண்டு மூங்கில் தின்றதால், வைத்தியர்களே ஊசியால் காரியம் பார்த்தார்கள். ஆணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை நான் மாமிக்கு வாசித்துச் சொன்னபோது என் கணவர் பக்கத்திலிருந்து தோசை தின்றுகொண்டிருந்தார். அவரையும் யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

காலையில் நான் தேத்தண்ணி போடும்போது அங்கே மத்தியானம். மாமி செய்தி வாசிப்பார்.

"பெட்டை இண்டைக்கும் சாப்பிடேல்லை, பிள்ளை. முழுகாமல் இருக்கிறவளுக்கு வாய் கசக்குந்தானே."

"பார், மூங்கிலிலையை ஒரு மூலையிலை சேர்க்கிறாள். பிள்ளைக்குப் பாய் போடுறாள்."

பாண்டாக்கள் எல்லாம் சீனாவின் சொத்து, கடனாகத்தான் கொடுக்கிறார்கள், குட்டி பிறந்தாலும் வளர்ந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொன்னேன். மாமி கொதித்துப்போனார். "பெத்ததைப் பறிச்சுக்கொண்டு போறதோ? இதென்ன அநியாயம்!" எனக்கு அது அவ்வளவு அநியாயமாகப் படவில்லை. எங்கள் பிள்ளைகளையும் தமிழ்ப் பிள்ளைகளாகத்தான் கார்டெரியில் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒரு குளிர்காலம் போனதும் நாங்கள் பிரெஞ்சுப் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்கிறோம்.

ஒரு நாள் மாமி பாண்டாவின் பிறந்த திகதியைக் கேட்டார். மிருகக்காட்சிச்சாலையின் இணையப் பக்கத்தில் இருந்தது, வாசித்துச் சொன்னேன். எதற்கென்று தெரிந்திருந்தால் பொய்த் திகதி சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போனோம். வழக்கம்போல முதல் அர்ச்சனை எனக்கு. என் நட்சத்திரம் ஆயிலியம், மாமியாருக்கு ஆகாது என்று சொல்லப்படுவது. அதை ஐயரிடம் சொல்லும்போது மாமியின் குரல் எப்போதும் கொஞ்சம் இறங்கும். அன்றைக்கு இன்னோர் அர்ச்சனைச் சிட்டையையும் நீட்டினார்.

"இது ஆரின்ரை பேருக்கம்மா?" என்று ஐயர் கேட்டார்.

மாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு சீனப் பெயரைச் சொன்னார். "ரேவதி நட்சத்திரம், ஐயா" என்று பெருமையோடு சேர்த்தார்.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "ஆர் இந்தப் பிள்ளை?"

"தெரிஞ்ச பெட்டை. வெளிநாட்டிலை இருக்கிறாள். நல்லபடியாப் பெத்துப் பிழைக்க வேணும்."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மொன்றியலில் எத்தனையோ நாட்டு மருமக்களின் பெயர்களைச் சொல்லிப் பழகிய ஐயர், இதையும் மந்திரத்துக்குள் உருட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. பாண்டாவுக்குக் கண்ணை மூடி உருகிய மாமி, என் அர்ச்சனையின்போது திருநீற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவர்.

கோடை முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை காலை, டப்லெட்டில் கூடு இல்லை. கூட்டின் இடத்தில் ஓர் அறிவித்தல் இருந்தது. "என்னவாம், பிள்ளை? கெதியா வாசி" என்றார் மாமி. நான் நின்றபடியே தமிழில் சொல்லத் தொடங்கினேன். ஸ்கான் செய்து பார்த்ததில் குட்டி இல்லையாம். முதலிலிருந்தே இல்லாமல், உடம்பு மட்டும் ஏமாந்திருக்கலாமாம். அல்லது இருந்து, உள்ளேயே கரைந்தும் போயிருக்கலாமாம். எதுவென்று தங்களால் சொல்ல முடியாதாம். பாண்டாவுக்கு அமைதி தேவை என்பதால் கமராவை நிறுத்தியிருக்கிறார்களாம்.

கரைந்து என்ற சொல்லில் என் குரல் இடறியது. மாமி அதைக் கவனிக்கவில்லை. அவர் அழத் தொடங்கியிருந்தார். அழுகை என்றால் பாசாங்கில்லாத அழுகை, மூக்கைச் சீறி, சட்டை நுனியால் முகத்தைத் துடைத்து. "பாவம் பெட்டை, எவ்வளவு ஆசையாப் பாய் போட்டவள்" என்றார். ஸ்காபரோவிலிருந்து தங்கை போன் எடுத்து விசாரித்ததற்கு, "அதைப் பற்றி ஒண்டும் கேக்காதை. அவளைக் கொஞ்ச நாளைக்குச் சும்மா விடுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கரடியின் மேல் பொறாமைப்படுகிறேன் என்று தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

"எனக்கு நீங்கள் இப்பிடி அழேல்லை, மாமி."

மாமி மூக்கைத் துடைத்த கையோடு என்னைப் பார்த்தார். "நீயும் அழேல்லையே, பிள்ளை. ரெண்டு நாள் படுத்தாய், எழும்பி வேலைக்குப் போனாய். நான் உன்னைப் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

"ஓம் மாமி. பாத்துக்கொண்டே இருந்தனீங்கள். அதாலைதான் நான் அழேல்லை."

மாமி டப்லெட்டை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. கணவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூங்கில் தின்னப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மறுபடி கோயில். மாமி இரண்டு சிட்டை எடுத்தார். ஐயருக்கு ஞாபகமிருந்தது. "அந்த வெளிநாட்டுப் பிள்ளைக்கு என்ன மாதிரி, அம்மா?"

"அவளை ஒண்டும் கேக்க வேண்டாம், ஐயா. ரெண்டு பேருக்கும் சுகத்துக்கு மட்டும் செய்யுங்கோ."

"பிள்ளை வரத்துக்குச் சொல்லுறதில்லையோ?"

"வேண்டாம். இந்த ரெண்டு பிள்ளையளின்ரை சுகம் மட்டும் காணும்" என்றார் மாமி. ஆயிலியம் என்று சொல்லும்போது அன்றைக்கு அவருடைய குரல் இறங்கவில்லை.

ஐயர் என் பெயரைச் சொல்லத் தொடங்கியதும் எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. இரண்டு வருடத்து அழுகை முழுவதும், முருகனுக்கும் வரிசையில் நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால், சத்தமாக வந்தது. பின்னால் நின்ற மனுசி முகம் மலர்ந்து என் தோளைத் தொட்டாள். "என்ன பிள்ளை, விசேஷமோ?"

மாமி திரும்பினார். எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து, என்னை மறைத்துக்கொண்டு நின்றார்.

"இல்லை. அவள் அழுறாள். அழட்டும், நீங்கள் சாமியைப் பாருங்கோ."