நைனாவின் டிரம்மும் அந்த ராக் பேண்டும்

“ஒரு கல்யாண ஊர்வலம் தாங்குமா உன் கை? போயி பரீட்சைக்குப் படிம்மா,” என்றார் பெரியப்பா. நைனாவின், அதாவது என் அப்பாவின், பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுபவர் அவர். நான் வாசலில் உட்கார்ந்து நைனாவின் டிரம்மை அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான், கல்லூரி வரைக்கும் போனேன். அதற்காகக் குச்சிகளைக் கீழே வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

அந்த ராக் பேண்டைப் பற்றி அப்போது பேசாத ஆளில்லை. டிவி பேட்டியில் பாடகர் மைக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து போனார். ஓர் ஊரில் மேடையின் இரும்புச் சட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாடினார், போலீஸ் வந்துதான் இறக்கியது. தங்கிய ஓட்டலின் நாற்காலிகளை நீச்சல் குளத்தில் மிதக்கவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். என் கண் பாடகர்மேல் இல்லை. பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தவள் ஒரு பெண். என்னைப் போலவே கறுப்பு, என்னைப் போலவே குட்டை. கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுந்து, டிரம்களை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துத் தள்ளுவாள். கூட்டம் அதற்காகவே காத்திருக்கும். நானும் போனில் அதைப் பார்ப்பதற்காகவே காத்திருப்பேன்.

எங்கள் வீட்டில் டிரம்மில் கால் படக் கூடாது. தெரியாமல் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். வேனில் போகும்போதும் நைனா அதைத் தரையில் வைக்க மாட்டார், மடியில்தான். “என் சக்களத்தி,” என்பாள் அம்மா.

அந்த பேண்டு செஞ்சியில் எங்கள் கல்லூரி விழாவுக்கு வந்தது. மதியம் ஒத்திகையில் அந்த டிரம்ஸ் பெண்ணின் சின்ன டிரம்மின் தோல் கிழிந்துவிட்டது. திண்டிவனத்துக்கு ஆள் அனுப்பலாமா என்று விழாக் குழுவில் பேச்சு. நானும் அந்தக் குழுவில் இருந்தேன். “எங்க வூட்ல இருக்குது,” என்றேன்.

நைனா சைக்கிளில் கொண்டுவந்தார். “பத்திரமா வெச்சிப்பாங்களா?”

“நான் பாத்துக்கிறேன் நைனா.”

அவள் டிரம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “யாரோடது?”

“எங்க நைனாது. நானும் அடிப்பேன்.”

“எங்க, அடி.” குச்சிகளை நீட்டினாள். இரண்டு நிமிடம் அடித்திருப்பேன். “கை நல்லா பேசுதே!” என்று சிரித்தாள். இதை உதைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அந்தச் சிரிப்பு போய்விடும் என்று பயந்து சொல்லாமல் விட்டேன். நைனாவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

ராஜகிரி மலைக்கோட்டையின் உச்சியில் இன்னும் வெயில் இருந்தபோதே ஆரம்பித்தார்கள். நைனா மேடைக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய விரல்கள் தொடையில் தாளம் போட்டன. அவருடைய டிரம் அதற்குமுன் அப்படி ஒலித்ததே இல்லை. மலையில் பட்டுத் திரும்பி வந்தது சத்தம்.

கடைசிப் பாட்டு முடிந்தது. அவள் எழுந்தாள். முதல் உதையிலேயே நைனாவின் டிரம் உருண்டு கூட்டத்துக்குள் விழுந்தது. எல்லோரும் கத்தினார்கள். நைனா ஆட்களை விலக்கிக்கொண்டு போய் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வளையம் ஒரு பக்கம் வளைந்திருந்தது.

“அந்தப் பொண்ணு நல்லாதான் அடிக்குது,” என்றார். கொஞ்சம் கழித்து, “ஒதைப்பான்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் நைனா.”

“படிச்ச புள்ள,” என்றார். டிரம் பரணுக்கு ஏறியது. ஊர்வலங்களுக்கு அவர் வாடகை டிரம் எடுத்துப் போனார்.

யாரோ எடுத்த வீடியோ எங்கும் பரவியது. உழைப்பவனின் கருவியை உதைப்பதா என்று ஒரு பக்கம், இதுதான் ராக் என்று இன்னொரு பக்கம். பாடகர் கேலியாகப் பதில் சொன்னார், அவள் மன்னிப்புக் கேட்டாள். அதிலேயே அவர்களுக்குள் சண்டை வந்து பேண்டு கலைந்தது. அவள் இப்போது வாசிப்பதில்லையாம்.

அந்த வீடியோவை இன்றும் பார்க்கிறேன். அவள் எழுந்திருக்கும் முன்பே நிறுத்திவிடுவேன். அந்தச் சத்தம் எனக்கு வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, “எங்க, நேத்து அடிச்சத இன்னொருக்கா அடி,” என்று எதிரில் குந்துவாரே நைனா, அதுவும் வேண்டும். ஒன்றை விட்டு இன்னொன்றை என்னால் நினைக்க முடிந்ததில்லை.

போன வாரம் அவர் சாப்பிடும்போது சொன்னேன். “சென்னையில பொண்ணுங்களாவே ஒரு பேண்டு. டிரம்ஸுக்கு ஆள் தேடறாங்க, வாசிச்சிக் காட்டக் கூப்ட்டிருக்காங்க. இந்தத் தடவ மொதல்லயே சொல்றேன் நைனா.”

“ஒதைப்பாங்களா?”

“போன்ல நான் கேட்ட மொத கேள்வியே அதான். ஒதைக்க மாட்டாங்களாம்.”

கை கழுவிவிட்டு அவரே பரணில் ஏறினார். வளையம் நேராக இருந்தது. எப்போது தட்டி நிமிர்த்தினார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. “மெட்ராஸ் வரைக்கும் தாங்குமா கை?” என்றார் பெரியப்பா. ஆனாலும் பேருந்து நிலையம் வரை டிரம்மைச் சுமந்து வந்தது அவர்தான்.

பேருந்து திண்டிவனம் தாண்டிவிட்டது. “காலாண்ட வெச்சிக்கம்மா, எடம் கெடக்குதே,” என்றார் கண்டக்டர்.

“வேணாண்ணா,” என்று டிரம்மை மடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன்.